வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடும்போது மின்சார, எரிவாயுச் செலவைக் கையாள்வது எப்படி? பிரிட்டனில் முதல்முறையாக லாட்ஜர் வைப்போருக்கு ஒரு வழிகாட்டி

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் மார்ட்கேஜ் கட்டிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகள் வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் காலியாகும் அறையை, மேற்படிப்புக்கு வந்த மாணவருக்கோ மருத்துவமனை வேலைக்கு வந்த செவிலியருக்கோ விடுவது உண்டு. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டு, ஓர் அறையை மட்டும் வாடகைக்குக் கொடுத்தால், அங்கே வந்து தங்குபவரை இந்நாட்டில் லாட்ஜர் என்கிறார்கள். வாடகை எவ்வளவு என்பதில் இரு தரப்பும் பெரும்பாலும் எளிதாக ஒத்துப்போய்விடுகின்றன. மனக்கசப்பு தொடங்குவது நவம்பருக்குப் பிறகு, ஹீட்டிங் ஓடத் தொடங்கியபின் வரும் முதல் பில்லில்தான். அதைத் தவிர்க்க என்னென்ன செய்யலாம் என்பதை, ஆள் வருவதற்கு முந்தைய வாரங்களிலிருந்து தொடங்கி இங்கே எழுதுகிறேன். இதிலுள்ள விதிகள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்குப் பொருந்துபவை. வட அயர்லாந்தின் எரிசக்திச் சந்தைக்குத் தனி ஒழுங்காணையம் இருப்பதால் அங்கே இருப்பவர்கள் தங்கள் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

முதற்படி: ஆள் வருவதற்கு முன் உங்கள் வீட்டின் செலவை அறிந்துகொள்ளுங்கள்

புதிதாக ஒருவர் வந்ததால் எவ்வளவு கூடியது என்று சொல்ல வேண்டுமானால், அவர் வருவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் முதல்முறை அறை விட்டபோது இதைச் செய்யவில்லை. அடுத்த குளிர்காலத்தில் பில் ஏறியபோது, அது விலை உயர்ந்ததாலா, குளிர் கடுமையாக இருந்ததாலா, அறைக்கு வந்த தம்பியாலா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனம் தானாகவே தம்பியின் பக்கம் கைகாட்டியது. அது நியாயமே இல்லை என்பது பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஆகவே, உங்கள் மின் நிறுவனத்தின் செயலியிலோ ஆண்டு அறிக்கையிலோ கடந்த 12 மாதங்களின் பயன்பாட்டை எடுத்து, மாதவாரியாக ஒரு தாளில் எழுதிவையுங்கள். பவுண்டில் எழுதாதீர்கள், யூனிட்டில் எழுதுங்கள். விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறக்கூடும், ஆனால் யூனிட் என்பது நீங்கள் உண்மையில் பயன்படுத்திய அளவு. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் எரிசக்தி. எரிவாயு மீட்டர் கன மீட்டரில் காட்டும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 யூனிட் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக் கணக்குக்குப் போதும். மிகப் பழைய மீட்டர்கள் கன அடியில் காட்டுபவையாக இருக்கும். அப்படியானால் பில்லில் அச்சிட்டிருக்கும் யூனிட்டையே எடுத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் ஓர் அளவுகோல் உண்டு. எரிசக்தி ஒழுங்காணையமான ஆஃப்ஜெம், 2023 அக்டோபர் முதல், நடுத்தரப் பயன்பாடு உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரம், 11,500 யூனிட் எரிவாயு என்றும், குறைந்த பயன்பாட்டுக்கு 1,800, 7,500 என்றும், அதிகப் பயன்பாட்டுக்கு 4,100, 17,000 என்றும் கொண்டது. மூன்று பேர் இருக்கும் வீடு, லாட்ஜர் வருவதற்கு முன்பே அதிகப் பயன்பாட்டு வரிசையில் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பாய்லரையும் சன்னல் இடுக்குகளையும்தான், வரப்போகும் ஆளை அல்ல.

விலை வரம்பு பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. 2019 ஜனவரியில் வந்த ஆஃப்ஜெம் விலை வரம்பு, உங்கள் மொத்த பில்லுக்கான உச்சவரம்பு அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத நிலையான திட்டத்தில் சேராதவர்களிடம் ஒரு யூனிட்டுக்கும், நாள்தோறும் வசூலிக்கும் நிலைக்கட்டணத்துக்கும் எவ்வளவு வரை வாங்கலாம் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் அது மாற்றியமைக்கப்படுகிறது. யூனிட் கூடினால் பில்லும் கூடும், அதற்கு எல்லை கிடையாது.

இரண்டாம் படி: உண்மையில் எது கூடும் என்று கணக்கிடுங்கள்

பலர் வீட்டில் ஒரு தலை கூடினால் பில்லிலும் ஒரு பங்கு கூடும் என்று எண்ணுகிறார்கள். வீட்டின் செலவு அப்படி நடந்துகொள்வதில்லை. மாலையில் வீடு முழுவதும் ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே வெப்பத்தில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பதால் எரிவாயு கூடுதலாகச் செலவாகாது. குளிர்பதனப் பெட்டி எப்படியும் ஓடும், வைஃபை பெட்டி எப்படியும் எரியும். நிலைக்கட்டணம் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் சுடுநீர், சமையல், துணி துவைப்பதும் உலர்த்துவதும் தலைக்கேற்பக் கூடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வேலைக்குப் போனபின் காலியாகக் கிடந்த வீட்டில் இப்போது ஒருவர் பகலில் இருந்தால், அந்த மணி நேரங்களின் ஹீட்டிங் முழுவதும் புதிய செலவு.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மின்சாரம் யூனிட்டுக்கு 26 பென்ஸ், எரிவாயு 6 பென்ஸ் என்று கொள்வோம். 2025 இறுதியில் விலை வரம்பு இதை ஒட்டியே இருந்தது. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு இதைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

தொட்டியில்லாமல், குழாயைத் திறந்தவுடன் நீரைச் சூடாக்கும் காம்பி பாய்லர் இருக்கும் வீட்டில் எட்டு நிமிடக் குளியலுக்கு ஏறத்தாழ இரண்டரை யூனிட் எரிவாயு, அதாவது 15 பென்ஸ் ஆகும். தினமும் ஒரு குளியல் என்றால் ஆண்டுக்கு 54 பவுண்ட். அதுவே 9 கிலோவாட் மின் ஷவராக இருந்தால் எட்டு நிமிடத்துக்கு 1.2 யூனிட், 31 பென்ஸ். தனியாகச் சமைப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட் மின்சாரம் என்றால் ஆண்டுக்கு 95 பவுண்ட். வாரம் இருமுறை துணி துவைத்தால், ஒரு முறைக்கு 0.8 யூனிட் வீதம், ஆண்டுக்கு 22 பவுண்ட் வரை. மடிக்கணினி, கைப்பேசி, விளக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு 0.6 யூனிட் என்றால் 57 பவுண்ட். இவை மட்டும் கூட்டினால் ஆண்டுக்கு 228 பவுண்ட், மாதம் 19 பவுண்ட். குளிர்காலத்தின் 150 நாட்களில் பகலில் மூன்று மணி நேரம் கூடுதலாக ஹீட்டிங் ஓடி, மணிக்கு 5 யூனிட் எரிவாயு செலவானால் அது 135 பவுண்ட். இப்போது மொத்தம் 363 பவுண்ட், மாதம் 30 பவுண்ட் ஆகிறது. வாரம் இருமுறை துணி உலர்த்தும் எந்திரமான டம்பிள் டிரையரை, அதுவும் பழைய வகையை, ஓட்டினால், ஒரு முறைக்கு நான்கரை யூனிட் வீதம், இன்னும் 122 பவுண்ட் சேர்ந்து மாதச் சுமை 40 பவுண்டுக்கு வந்துவிடும்.

இந்தத் தொகைகளைப் பார்த்த பிறகு, அறைக்குள் தனியாக வைக்கும் மின் ஹீட்டரின் கணக்கைப் பாருங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட், 2 பவுண்ட் 60 பென்ஸ். முப்பது இரவுகளுக்கு 78 பவுண்ட். குளியல், சமையல், துவைத்தல், பகல்நேர ஹீட்டிங் எல்லாம் சேர்ந்து ஆகும் மாதச் செலவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் இந்த ஒரே கருவி தின்றுவிடும். ஆகவே லாட்ஜரால் பில் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் மூன்று விடயங்களே பதில் சொல்கின்றன: அவர் பகலில் வீட்டில் இருப்பாரா, துணியை எப்படி உலர்த்துவார், அறையில் தனி ஹீட்டர் வைப்பாரா. விளக்கை அணைத்தாரா, கைப்பேசி சார்ஜரைக் கழற்றினாரா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது பைசாக் கணக்கு. அதற்காக ஒருவரை மனம் நோகச் செய்வது தகாது.

மூன்றாம் படி: பணத்தை எப்படி வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்

வழிகள் மூன்று. வாடகையிலேயே எல்லாம் அடக்கம் என்று ஒரே தொகை சொல்வது ஒன்று. வாடகையைத் தனியாகவும், பில்லில் ஒரு பங்கைத் தனியாகவும் ஒவ்வொரு மாதமும் வாங்குவது இரண்டாவது. அறைக்கென்று துணை மீட்டர் வைத்து ஓடிய யூனிட்டுக்கு மட்டும் வாங்குவது மூன்றாவது. ஒரே ஒரு லாட்ஜர் இருக்கும் வீட்டுக்கு இது தேவையில்லாத செலவு என்பது என் கருத்து, ஏனென்றால் சுடுநீரும் சமையலறையும் ஹீட்டிங்கும் அந்த மீட்டருக்கு வெளியேதான் இருக்கும்.

தனியாக வாங்குபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. நீங்கள் வாங்கிய மின்சாரத்தையோ எரிவாயுவையோ இன்னொருவருக்குக் காசுக்குக் கொடுத்தால், நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. அதிகபட்ச மறுவிற்பனை விலை என்ற பெயரில் ஆஃப்ஜெம் விதித்துள்ள இந்த ஏற்பாடு 2003 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நிலைக்கட்டணத்தில் நியாயமான பங்கையும் வாட் (VAT) எனும் மதிப்புக்கூட்டு வரியையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பயன்பாட்டுக்கு வாட் வரி 5 சதவீதம். ஆனால் ‘யூனிட்டுக்கு 40 பென்ஸ்’ என்று நீங்களாக ஒரு விலை வைக்க முடியாது. எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று லாட்ஜர் கேட்டால் காட்டவும் வேண்டும். கூடுதலாக வாங்கியிருந்தால் அதை நீதிமன்றம் வழியாக அவர் திரும்பப் பெறலாம். எல்லாம் அடங்கிய ஒரே வாடகை என்றால் இந்த விதி குறுக்கே வராது.

தலைக்கு ஒரு பங்கு என்று பிரிக்கலாமா? மேலே சொன்ன நடுத்தரப் பயன்பாட்டு வீட்டில் மூன்று பேர் ஏற்கெனவே இருந்து, லாட்ஜரோடு சேர்த்து ஆண்டு பில் நிலைக்கட்டணம் உட்பட ஏறத்தாழ 2,076 பவுண்ட் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு மாதம் 43 பவுண்ட். அவரால் உண்மையில் கூடியது 30 பவுண்ட்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட தொகையே எனக்கு நியாயமாகப் படுகிறது: வீட்டின் வெப்பத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் அவரும் அனுபவிக்கிறார் என்பதால் 30 போதாது, ஆனால் அவர் வராவிட்டாலும் நீங்கள் கட்டியிருக்க வேண்டிய செலவில் முழுப் பங்கைச் சுமத்துவதும் சரியல்ல.

முதல்முறை அறை விடுவோருக்கு நான் சொல்வது, எல்லாம் அடங்கிய வாடகை வைத்து, அதற்குள் எரிசக்திக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான். ‘மாத வாடகை 600 பவுண்ட், அதில் 38 பவுண்ட் கரண்ட், காஸுக்கு’ என்று சொன்னால், கேட்பவருக்கும் அதன் அளவு புரியும். பின்னால் விலை ஏறும்போது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

வரிக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் தளபாடங்களோடு அறை விட்டு வரும் வருமானத்தில் ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வரி கிடையாது. ‘ரென்ட் எ ரூம்’ திட்டத்தின் இந்த வரம்பு 2016 ஏப்ரல் முதல் இருக்கிறது. வருமானத்தை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 3,750. மாதத்துக்கு 625 பவுண்ட் என்று நினைவில் வையுங்கள். உணவு, துப்புரவு போன்ற சேவைகளுக்கு வாங்கும் பணமும் இந்த வரம்புக்குள்தான் எண்ணப்படுகிறது என்பதால், பில் பங்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. வீட்டில் நீங்கள் ஒருவரே பெரியவராக இருந்து உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில் 25 சதவீதக் கழிவு பெற்றுக்கொண்டிருந்தால், வேலை பார்க்கும் லாட்ஜர் வந்ததும் அது போய்விடும். முழுநேர மாணவர் வந்தால் போகாது. வாடகைத் தொகையை முடிவு செய்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

நான்காம் படி: எழுதிவையுங்கள்

நம் மக்களிடையே வாய்ப்பேச்சே போதும் என்று விட்டுவிடுவது வழக்கம். வருபவர் பெரும்பாலும் தெரிந்தவரின் மகனாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். அக்கா, அண்ணா என்று கூப்பிடுபவரிடம் தாளை நீட்டுவது கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த உறவுமுறைதான் பின்னால் இருவரையும் பேச விடாமல் தடுக்கிறது. அவருக்கு அறை குளிராக இருக்கும், சொல்ல மாட்டார். கடையில் ஒரு ஹீட்டர் வாங்கி இரவில் ஓட்டுவார். உங்களுக்கு பில் ஏறியிருக்கும், கேட்க மாட்டீர்கள். முகம் மட்டும் மாறும். ஒரு பக்கத் தாள் இந்த இரண்டையும் தவிர்க்கும்.

வாடகையில் எரிசக்திக்கு ஒதுக்கிய தொகை, அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் எண்ணை வைத்து இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்ற ஒப்புதல், தொகையை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை அதில் இருக்கட்டும். ஹீட்டிங் எந்த மணி முதல் எந்த மணி வரை ஓடும், தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரியில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். தனி ஹீட்டர், அறைக்குள் சிறு குளிர்பதனப் பெட்டி, மின்சைக்கிள் பேட்டரி சார்ஜ் செய்வது ஆகியவற்றுக்கு முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று சேருங்கள். இவற்றில் பேட்டரிக்குக் காரணம் செலவல்ல. ஒருமுறை சார்ஜ் செய்ய 16 பென்ஸ்தான் ஆகும். தரமற்ற லித்தியம் பேட்டரிகளால் வீடுகள் தீப்பற்றியிருக்கின்றன, ஆகவே எல்லோரும் தூங்கும் நேரத்திலோ வெளியேறும் வழியான மாடிப்படி அடியிலோ அதைச் சார்ஜ் போடக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

நீங்களே வாடகை வீட்டில் இருப்பவரானால் உங்கள் வீட்டுக்காரரிடமும், மார்ட்கேஜ் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடமும், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமும் முதலில் தெரிவியுங்கள். எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கொருமுறை ‘காஸ் சேஃப்’ பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்கும் கடமை, சொந்த வீட்டில் ஓர் அறை மட்டும் விடுபவருக்கும் உண்டு. பாய்லருக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வந்த முதல் நாள்

பெட்டியை மேலே ஏற்றியதும் இருவருமாகப் போய் மின், எரிவாயு மீட்டர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஸ்மார்ட் மீட்டர் இல்லையென்றால் உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதனோடு வரும் சிறு திரையைச் சமையலறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது, நூறு அறிவுரைகளைவிடப் பயன்தரும். கெட்டிலைப் போட்டவுடன் எண் மூன்று கிலோவாட்டுக்குத் தாவுவதை ஒருமுறை பார்த்தவர், ஒரு கோப்பை தேநீருக்கு முழுக் கெட்டிலையும் நிரப்ப மாட்டார்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்குப் பாய்லர், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் எதுவுமே பழக்கமில்லை என்பதை மறக்காதீர்கள். கீசரைத் தேவைக்குப் போட்டு உடனே அணைத்துப் பழகியவருக்கு, தெர்மோஸ்டாட்டை 28-க்குத் திருகினால் வீடு சீக்கிரம் சூடாகும் என்றே தோன்றும். சூடாகும் வேகம் மாறாது, ஆனால் 28 டிகிரி வரும் வரை பாய்லர் நிற்காமல் எரியும் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள். அறை ரேடியேட்டரின் திருகில் உள்ள எண்களையும் விளக்குங்கள்: 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி, 5 என்பது வேகம் அல்ல, இன்னும் அதிக வெப்பம். சுடுநீர்த் தொட்டி இருக்கும் வீடானால் தொட்டி நீரை மின்சாரத்தால் சூடாக்கும் இமர்ஷன் ஹீட்டரின் சுவிட்சைக் காட்டி, அது 3 கிலோவாட் என்றும், தற்செயலாகப் போட்டு மறந்தால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும்.

எகானமி 7 போன்ற இரவுச் சலுகைத் திட்டத்தில் நீங்கள் இருந்தால், பகலில் யூனிட் விலை கூடுதல் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஹீட்டிங்கை இருவருக்கும் பொருந்தும்படி அமைப்பது

இதில் சிக்கனம் பார்க்கும் வழி உண்டு, கஞ்சத்தனம் காட்டும் வழியும் உண்டு. பிரிட்டனின் சுகாதாரத் துறையினர் குளிர்காலத்தில் அறைவெப்பம் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். அதற்குக் கீழே ஒருவரை உட்கார வைத்து மிச்சம் பிடிக்கும் பணம் எனக்குச் சரியானதாகப் படவில்லை. போதாக்குறைக்கு, குளிர்ந்த அறையில் இருப்பவர் கடைசியில் மின் ஹீட்டரை நாடுவார், யூனிட்டுக்கு எரிவாயுவைப்போல் நான்கு மடங்குக்கு மேல் விலையுள்ள மின்சாரம் ஓடும், மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும்.

வீட்டின் தெர்மோஸ்டாட்டை 19 அல்லது 20 டிகிரியில் வைத்து, அவரவர் அறையை ரேடியேட்டர் திருகால் சரிசெய்துகொள்ள விடுங்கள். இரவுப்பணி முடித்துக் காலையில் வந்து படுக்கும் செவிலியர் லாட்ஜராக இருந்தால், காலை ஏழு மணி, மாலை ஆறு மணி என்ற உங்கள் ஹீட்டிங் அட்டவணை அவருக்கு உதவாது. பகலில் வீடு முழுவதையும் சூடாக்குவதற்குப் பதிலாக, அந்நேரத்தில் மற்ற அறைகளின் ரேடியேட்டர்களைக் குறைத்துவைத்து அவர் அறையை மட்டும் 18 டிகிரியில் வைத்தால் செலவு வெகுவாகக் குறையும். தெர்மோஸ்டாட் கூடத்தில் இருந்து, அந்தக் கூடமே குளிர்ந்து கிடந்தால் பாய்லர் நிற்காது. அப்படிப்பட்ட வீட்டில் நேரத்தைக் கொண்டுதான் கட்டுப்படுத்த வேண்டும்.

அதற்கும் மேல் குளிர்கிறது என்பவருக்கு, 100 வாட் மின்போர்வை ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மணிக்கு 2.6 பென்ஸ் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு 52 பென்ஸ். போர்வையின் விலை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். கனமான திரைச்சீலை, கதவுக்கடியில் காற்று வராமல் ஒரு துணிச்சுருள், தடித்த டூவே (பஞ்சுப் போர்வை) ஆகியவற்றையும் ஆள் வரும் முன்பே அறையில் வைத்துவிடுவது நல்ல விருந்தோம்பலும்கூட.

பாய்லரிலும் ஒரு சிறு வேலை இருக்கிறது. பல காம்பி பாய்லர்கள் ரேடியேட்டருக்கு 70, 80 டிகிரியில் நீரை அனுப்பும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. புகையோடு வெளியேறும் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் வகையாக இருந்தால் அதை 60 டிகிரிக்குக் குறைக்கும்போது அது திறமையாக ஓடி எரிவாயுவை மிச்சப்படுத்தும். அறை சூடாகச் சற்று நேரம் கூடும், அவ்வளவுதான். சுடுநீர்த் தொட்டி உள்ளவர்கள் மட்டும் தொட்டி நீரை 60 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது, லெஜியனெல்லா கிருமி வளரும் ஆபத்து இருக்கிறது.

ஏழாம் படி: சமையலறையும் ஈரத் துணியும்

நம் சமையலில் நீராவி அதிகம். இட்லி அவிப்பதும் சோறு வடிப்பதும் பருப்பு வேகவைப்பதும் ஒரே வீட்டில் இரண்டு முறை தனித்தனியாக நடந்தால், எரிவாயுச் செலவைவிடச் சுவரில் படியும் ஈரமே பெரிய தொல்லையாகும். பிரஷர் குக்கரைப் பொதுவில் வைத்துவிடுங்கள். ஒரு வேளைச் சோற்றைச் சேர்த்தே வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ரைஸ் குக்கர் ஒருமுறை ஓட 9 பென்ஸ்தான், ஆனால் பேச்சுக்கும் அது ஒரு வாய்ப்பு. மாவு புளிக்க இரவெல்லாம் ஓவன் விளக்கைப் போட்டுவைப்பவர்கள் அதற்காக வருந்த வேண்டாம், அது எட்டுப் பென்ஸ் செலவு.

துணி விடயத்தில் கண்டிப்பு தேவை. கதவைச் சாத்திய அறைக்குள் ரேடியேட்டர் மேல் துணி காயப்போட்டால், ரேடியேட்டரின் வெப்பம் அறைக்கு வராது, ஈரம் முழுவதும் குளிர்ந்த வெளிச்சுவரில் தண்ணீராகப் படிந்து கறுப்புப் பூஞ்சையாக மாறும். அதைச் சுரண்டிப் பூசும் செலவு பல மாத பில்லைவிட அதிகம். துணி உலர்த்த ஓர் இடத்தை, சன்னலோ காற்றுவாரி விசிறியோ உள்ள அறையில், ஒதுக்கிக் கொடுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிறிய டீஹியூமிடிஃபையர் ஒன்றை அங்கே நாலைந்து மணி நேரம் ஓட்டினாலும், பழைய டம்பிள் டிரையரின் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். லாட்ஜர் ஊருக்குப் போயிருக்கும் வாரங்களிலும் அவர் அறை ரேடியேட்டரை முழுவதும் மூடாமல் தாழ்ந்த எண்ணில் வைத்திருங்கள்.

எட்டாம் படி: மாதாமாதம் பார்ப்பது

மாதத்தின் முதல் நாள் மீட்டரைப் படித்து, முன்பு எழுதிய தாளில் சென்ற ஆண்டின் அதே மாதத்துக்கு எதிரே எழுதுங்கள். ஸ்மார்ட் மீட்டர் இல்லாதவர்கள் அந்த எண்ணை நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் உங்கள் பழைய பயன்பாட்டை வைத்து மதிப்பிட்டுக்கொண்டே போவார்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாக எடுக்கப்படும் டைரக்ட் டெபிட் பழைய தொகையிலேயே போகும். ஆண்டு முடிவில் பெரிய பாக்கி ஒன்றாக வந்து நிற்கும், அதற்குள் அறையில் இருந்தவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருப்பார். லாட்ஜர் வந்த மாதமே, உங்கள் கணக்குப்படி கூடும் தொகையை டைரக்ட் டெபிட்டில் நீங்களாக உயர்த்திவிடுவது நல்லது. கோடையில் அது மிச்சமாகச் சேர்ந்து குளிர்காலத்துக்கு உதவும். காசு போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபேமென்ட் மீட்டர் உள்ள வீட்டில், யார் எப்போது நிரப்புவது என்பதை முடிவு செய்து, நிரப்பிய ரசீதுகளை ஓர் உறையில் போட்டுவையுங்கள்.

ஒரு மாதம் யூனிட் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்தால், உடனே அறைக்கதவைத் தட்டாதீர்கள். அந்த மாதம் குளிர் அதிகமா, உங்கள் வீட்டில் விருந்தினர் இருந்தார்களா என்று முதலில் பாருங்கள். ஏறியது மின்சாரமா எரிவாயுவா என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்: எரிவாயு என்றால் பெரும்பாலும் ஹீட்டிங் நேரம், மின்சாரம் என்றால் ஹீட்டரோ டிரையரோ இமர்ஷனோ. அதன்பின் பேசும்போது பில்லை நீட்டாமல் அறையைப் பற்றிக் கேளுங்கள். ‘தம்பி, அறை குளிராக இருக்கிறதா?’ என்று கேட்டால், ஒளித்துவைத்த ஹீட்டர் தானாகவே வெளியே வரும். ரேடியேட்டருக்குள் காற்று அடைத்து மேல்பாதி சூடாகாமல் இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். சிறு சாவி ஒன்றால் காற்றை வெளியேற்றினால் தீரக்கூடிய குறை அது.

ஒன்பதாம் படி: அவர் புறப்படும்போது

கிளம்பும் நாளில் மீண்டும் இருவருமாக மீட்டரைப் படம் எடுங்கள். பில் பங்கைத் தனியாக வாங்கியிருந்தால், கடைசி பில் வரும்வரை அவருடைய முன்பணம் முழுவதையும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. அன்றைய எண்ணையும் அன்றைய யூனிட் விலையையும் கொண்டு அங்கேயே கணக்கை முடித்துவிடலாம். லாட்ஜரின் முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போடும் கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதால், அதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. கழித்த தொகை ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி, மீதியை அன்றே அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அந்த மீட்டர் எண்ணையும் உங்கள் மாதத் தாளில் குறித்துவையுங்கள். அடுத்து வருபவருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.